ஈவ் ஆன்லைனில் ஐந்து ஆண்டுகள்: புதிதாகத் தொடங்குவோருக்கு என் அனுபவம்

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் விண்வெளிப் போர் விளையாட்டை நான் ஐந்து ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். இத்தனை காலத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட பயிற்சி எது என்று கேட்டால், விண்கலத்தை இழக்கப் பழகியதே என்பேன். இங்கே அழிந்த கலம் அழிந்ததுதான். விமானி மட்டும் தன் சொந்த நிலையத்தில் ஒரு குளோன் உடலில் மீண்டும் விழிப்பார். காப்பீட்டில் கலத்தின் விலையில் ஒரு பகுதி திரும்பும். பொருத்தியிருந்த கருவிகளில் ஏறக்குறைய பாதி எரிந்துபோக, மீதி சிதைவில் கிடந்து, முதலில் வந்து எடுப்பவருக்குச் சொந்தமாகும். இந்த விதியை மனதார ஏற்றுக்கொள்ளாதவர்கள் முதல் மாதத்திலேயே விலகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சீனாவைத் தவிர உலகின் எல்லா நாட்டினரும் லண்டனில் உள்ள ட்ராங்குவிலிட்டி என்ற ஒரே சர்வரில், 7,800-க்கும் மேற்பட்ட சூரிய மண்டலங்களில் சேர்ந்து விளையாடுகிறார்கள். அவ்வளவு தொலைவில் இருக்கும் சர்வரில் இந்தியாவிலிருந்து சண்டையிட முடியுமா என்று நானும் தொடக்கத்தில் தயங்கினேன். ஆனால் இந்த விளையாட்டு ஒவ்வொரு கட்டளையையும் ஒரு நொடிக்கு ஒரு முறை என்ற கணக்கில்தான் செயல்படுத்துகிறது. எனவே துப்பாக்கி விளையாட்டுகளில் நம்மைத் தோற்கடிக்கும் இணையத் தாமதம் இங்கே பெரும்பாலும் உறைப்பதில்லை. நேரம்தான் சற்று இடைஞ்சல். அன்றாடப் பராமரிப்புக்காக நமது மாலை 4.30 மணிக்குச் சர்வர் நிறுத்தப்படும்; ஐரோப்பியர்களின் மாலைக் கூட்டமோ நமக்கு நள்ளிரவை நெருங்கும்போதுதான் திரளும்.

புதியவர் முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு மண்டலம் எவ்வளவு பாதுகாப்பானது என்று காட்டும் பாதுகாப்பு மதிப்பெண். 1.0 முதல் 0.5 வரை உள்ள மண்டலங்களில் கான்கார்ட் என்ற காவல்படை இருக்கிறது. அது நம்மைக் காப்பாற்றுவதில்லை. நம்மைத் தாக்கியவரை, நாம் அழிந்த பிறகானாலும், தண்டிக்கிறது. இந்த வேறுபாட்டை நான் படித்திருந்தும் உணர்ந்திருக்கவில்லை. மூன்றாவது மாதத்தில், சேமிப்பு முழுவதையும் பொருளாக்கிச் சரக்குக் கலத்தில் ஏற்றி, மிகப்பெரிய சந்தையான ஜிட்டாவிலிருந்து தானியங்கி ஓட்டத்தில் விட்டுவிட்டு எழுந்து போனேன். தானியங்கி ஓட்டம், ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ உதவும் வாயிலான ஸ்டார்கேட் ஒவ்வொன்றுக்கும் பல கிலோமீட்டர் முன்பே கலத்தை இறக்கி, மெதுவாக ஊர்ந்து போக விடும். 0.5 மதிப்பெண் கொண்ட உவேடமா மண்டலத்தில் மலிவான கேட்டலிஸ்ட் கலங்கள் சில சேர்ந்து அதைச் சில நொடிகளில் உடைத்துவிட்டன. கான்கார்ட் அவை அனைத்தையும் அழித்தது; ஆனால் தாக்குதலில் பங்கேற்காமல் காத்திருந்த வேறொரு கலம் என் சரக்கை அள்ளிக்கொண்டு போனது. அன்றிலிருந்து, ஒரே பயணத்தில் இழந்தால் தாங்க முடியாத மதிப்பை நான் ஏற்றியதில்லை.

சுடக் கற்றுக்கொள்வதற்கு முன் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திரையின் வலப்பக்கம், சுற்றியுள்ள கலங்களையும் பொருள்களையும் காட்டும் ஓவர்வியூ பட்டியலே இந்த விளையாட்டின் கண். அதில் எவை தெரிய வேண்டும், எவை மறைய வேண்டும் என்று ஒரு முழு மாலையைச் செலவிட்டுச் சீரமைத்தால், அந்த உழைப்பு ஆண்டுக்கணக்கில் பலன் தரும். அடுத்தது டி-ஸ்கேன். 14.3 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) வரை என்னென்ன கலங்கள் இருக்கின்றன என்று காட்டும் இந்தக் கருவியை, ஆபத்தான மண்டலங்களில் நான் சில நொடிகளுக்கு ஒரு முறை அழுத்திக்கொண்டே இருப்பேன். அதன் கோணத்தைக் குறுக்கிக் குறுக்கி எதிரி எந்தக் கோளருகே நிற்கிறார் என்று கண்டுபிடிக்கும் திறமை, விலைகொடுத்து வாங்கக்கூடிய எந்த ஆயுதத்தையும் விட மேலானது.

சண்டைக்கு வருவோம். பீரங்கியின் வலிமையை விட, எதிரி எவ்வளவு தொலைவில் நம்மை எந்தக் கோணவேகத்தில் குறுக்காகச் சுற்றுகிறார் என்பதே நம் குண்டு படுமா என்பதைத் தீர்மானிக்கிறது. பெரிய போர்க்கப்பலின் பீரங்கி, தன்னை ஒட்டி வேகமாகச் சுற்றும் ஃப்ரிகேட் என்ற சிறு போர்க்கலத்தைத் தொடர்ந்து குறிவைக்கத் திரும்ப முடியாமல் தடுமாறும். அதே ஃப்ரிகேட் தொலைவிலிருந்து நேராக அதை நோக்கி வந்தால் ஓரிரு அடியில் தூளாகும். இதனால்தான் முதல் வாரத்திலிருக்கும் ஒருவரும் போரில் பயனுள்ளவராக இருக்க முடிகிறது. எதிரி தப்பாமல் பிடித்துவைப்பது அவருடைய வேலை. டிஸ்ரப்டர் என்ற கருவியின் எளிய வகை 20 கிலோமீட்டர் வரை எதிரியின் வார்ப் பயணத்தை, அதாவது மண்டலத்துக்குள் வெகுதொலைவுக்குப் பாய்ந்து தப்புவதை, தடுக்கும். ஸ்கிராம்பிளரின் எளிய வகை 7.5 கிலோமீட்டர்தான் எட்டும். ஆனால் அது கலத்தின் வேகத்தைப் பலமடங்கு கூட்டும் மைக்ரோவார்ப்டிரைவ் கருவியையும் சேர்த்து அணைத்துவிடும். ஆகவே, எந்தத் தொலைவில் சண்டையிடப் போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே கலத்தைப் பொருத்த வேண்டும். நான் மெர்லின் என்ற ஃப்ரிகேட்டை ஸ்கிராம்பிளர், எதிரியின் வேகத்தைக் குறைக்கும் வெப், நெருங்கிச் சுடும் பிளாஸ்டர் ஆகியவற்றோடு பொருத்தி, ஒரே மாதிரியாகப் பத்துக் கலங்களை வாங்கி வரிசையாக இழந்தேன். நுழைவாயிலே சிறு கலங்களை மட்டும் உள்ளே விடும், விளையாட்டின் பேரரசுகள் மோதிக்கொள்ளும் போர்க்களங்கள் இதற்கு ஏற்ற இடம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் வரும் அழிவு அறிக்கையில் யார், எந்த ஆயுதத்தால், எவ்வளவு சேதம் செய்தார் என்பது முழுமையாக இருக்கும். சண்டை முடிந்ததும் நல்ல சண்டை என்பதற்குச் சுருக்கமாக "ஜிஎஃப்" என்று எழுதுவது வழக்கம். அதன் பிறகு எங்கே தவறினேன் என்று கேட்டால், என்னை வீழ்த்தியவர்களில் பலர் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள். அந்த உரையாடல்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

திறன்கள் நிஜ நேரத்தில், நாம் வெளியேறிய பிறகும் வளர்கின்றன. அடிப்படைத் திறன் ஒன்றை நான்காம் படி வரை கொண்டுவர மொத்தம் 45,255 புள்ளிகள் போதும். ஐந்தாம் படிக்கு 2,56,000 வேண்டும். ஒவ்வொரு படியும் பொதுவாகச் சம அளவு பயனே தருவதால், பல திறன்களை மூன்று அல்லது நான்காம் படியில் நிறுத்திப் பரவலாகக் கற்பது நல்லது.

தனியாக ஆடியிருந்தால் நான் நீடித்திருக்க மாட்டேன். 2004 முதல் புதியவர்களுக்குக் கற்பித்துவரும் ஈவ் யுனிவர்சிட்டி போன்ற கார்ப்பரேஷனில், அதாவது வீரர்கள் நடத்தும் குழுவில், முதல் வாரமே சேர்வது நல்லது. பெருங்கூட்டம் மோதும்போது சர்வர் காலத்தையே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் டைட்டன் என்ற மிகப்பெரிய வகைக் கலங்கள் 75 அழிந்த போர் இப்படித்தான் 21 மணி நேரம் நீண்டது. அத்தகைய காலத்தில் குரல்வழி ஆணைகளைக் கேட்டு அமைதியாகக் காத்திருக்கப் பழகியவரே பயன்படுவார்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பரிலிருந்து ஆல்ஃபா நிலையில் இலவசமாக ஆடலாம். திறன் வளர்ச்சி சந்தா கட்டும் ஒமேகாவின் பாதி வேகத்தில் நடந்து 50 லட்சம் புள்ளிகளில் நின்றுவிடும். ஆனால் மேலே சொன்ன ஃப்ரிகேட் சண்டைகள் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். அந்த வரம்பை எட்டிய பிறகும், இருபது கலங்களாவது இழந்த பிறகும் இந்த விளையாட்டு உங்களை இழுத்தால், அப்போது ஒரு மாதச் சந்தா கட்டிப் பாருங்கள்.