சீ பக்தார்னா, கூமியா? ஒரே குடும்பம், வேறு குணம்

ஆரஞ்சுப் பழம் தரும் முட்செடியான சீ பக்தார்ன் என்றாலே வைட்டமின் சி பேச்சுதான். நடப்போகிறவர் அதன் சொந்தக்காரர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. எலியாக்னேசியே குடும்பத்தில் மூன்றே பேரினங்கள்: ஹிப்போஃபே (சீ பக்தார்ன் இதில்தான்), எலியாக்னஸ், ஷெபர்டியா. வெள்ளி மினுக்கும் இலைச் செதில்கள், வேரில் தங்கி நைட்ரஜன் பிடித்துத் தரும் ஃபிரான்கியா பாக்டீரியா எல்லாம் மூன்றுக்கும் பொது. சத்தில்லாத மண்ணிலும் சமாளிப்பது அதனால்தான். வித்தியாசம் பூவிலும் பழத்திலும்.

சீ பக்தார்னில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இதழில்லாத பூ, மகரந்தம் காற்றில்தான் போகும். அருகே ஆண் இல்லையென்றால் பெண் செடி காய்க்காது. விதைக் கன்று பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. அதனால் ரகப் பெயரோடு விற்கும் தண்டுக் கன்றே (கிளைத் துண்டை வேர்விடவைத்தது) மேல்.

அடுத்த தலைவலி அறுவடை. ஆரஞ்சுப் பழங்கள் குட்டைக் காம்போடு கிளையை அப்பிக்கொண்டிருக்கும், நடுநடுவே முள். இழுத்தால் தோல் கிழிந்து புளிப்புச் சாறு விரலில் வழியும். தோட்டங்களில் கிளையோடு வெட்டி, உறையவைத்து உதிர்க்கிறார்கள். ஆனால் முந்தைய ஆண்டுத் தண்டில்தான் காய்ப்பு என்பதால் வெட்டிய கிளை அடுத்த ஆண்டு சும்மா நிற்கும்.

எலியாக்னஸ் பக்கம் வந்தால், அந்தப் பேரினத்துப் பழச்செடியான கூமி எவ்வளவோ சாது. மணமுள்ள இருபால் பூ, தேனீ வரும், ஒற்றைச் செடியும் ஓரளவு காய்க்கும். வெள்ளிப் புள்ளியிட்ட சிவப்புப் பழம் நீண்ட காம்பில் தொங்கும், பறிப்பது சுலபம். நன்றாகப் பழுக்காவிட்டால் மட்டும் நாக்கைத் துவர்த்து இழுக்கும்.

அதே பேரினத்து ஆட்டம் ஆலிவில் (autumn olive) லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி நிறைய. ஆனால் மண்ணரிப்பைத் தடுக்க அமெரிக்காவில் நட்டது, பறவைகள் விதை பரப்பி இன்று ஆக்கிரமிப்புச் செடியாகிவிட்டது. ரஷ்ய ஆலிவும் அங்கே அதே கதை, பழமும் மாவு மாதிரிதான் இருக்கும்.

ஷெபர்டியாவில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பேரினத்துச் சோப்பெர்ரி பழத்தில் சோப்புபோல் நுரைக்கும் சபோனின் இருப்பதால் அடித்தால் நுரைக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பூர்வகுடிகள் அந்த நுரையை இனிப்பாக்கிச் சாப்பிடுகிறார்கள்.

எண்ணெய்க்கு மட்டும் சீ பக்தார்னுக்குப் போட்டியில்லை. சதையிலும் எண்ணெய், விதையிலும் எண்ணெய். சதை எண்ணெய் செந்நிறம், பால்மிட்டோலிக் என்ற கொழுப்பு அமிலம் மிகுந்தது. விதை எண்ணெயில் லினோலிக், லினோலெனிக் அமிலங்கள். எது என்று சொல்லாத புட்டியை நான் வாங்கமாட்டேன்.

சின்னத் தோட்டமா, கூமி போதும். சரிவு நிலமா, சீ பக்தார்ன்தான். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகள் மண்ணை இறுக்கிப் பிடிக்கும். சீனாவில் மண்ணரிப்பு மிகுந்த லோயஸ் பீடபூமியில் அதை ஏராளமாக நட்டது அதற்காகத்தான். வீட்டு வேலியோரம் அதே கன்றுகளை ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.