கிளிசரினா, ஹயலூரானிக் அமிலமா?

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் இங்கு வாழ்வோரின் தோல் வறளாது என்று பலர் எண்ணுகிறார்கள். பகல் முழுவதும் ஏசி அறையில் வேலை செய்பவரின் கன்னத்தைத் தொட்டால் உண்மை விளங்கும்.

தோல் வறட்சிக்குப் பூசப்படும் கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் ஆகிய இரண்டுமே நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்பவை. 1779-இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே கண்டறிந்த கிளிசரின் மிகச் சிறிய மூலக்கூறு என்பதால், தோலின் மேலடுக்குக்குள் ஊடுருவி, அங்குள்ள கொழுப்புப் பொருள்கள் இறுகிவிடாமல் காத்து, நீரை நெடுநேரம் தேக்கிவைக்கிறது. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஹயலூரானிக் அமிலம் நம் தோலிலும் இயல்பாகவே உள்ளது. எனினும் வெளியே பூசும்போது அதன் பெரிய மூலக்கூறுகள் மேற்பரப்பிலேயே மெல்லிய படலமாகத் தங்கிவிடுகின்றன. பிசுபிசுப்புக் குறைவு என்பது அதன் சிறப்பு; வியர்வை வழியும் சித்திரை மாதத்தில் அது சிறிய வசதியன்று.

விலையில் ஒப்பீடே தேவையில்லை. கிளிசரின் எந்த மருந்துக்கடையிலும் மலிவாகக் கிடைக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் கிளிசரினையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் அதை அப்படியே பூசாமல் நீரிலோ பன்னீரிலோ கலந்து, குளித்த ஈரம் உலரும் முன் தடவி, ஏசி அறைக்குச் செல்பவராயின் மேலே சிறிது வாசலினும் பூசிக்கொள்ள வேண்டும்.