எக்ஸ்ரே ஃபிலிம் என்று பிரின்டர் ஃபிலிமை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

கோபம் ஆறட்டும், நிதானமாக எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்கு போயிருக்கிறது. 8x10 கேமராவுக்கு (8x10 அங்குலத் தாள் ஃபிலிம் போட்டு எடுக்கும் பெரிய கேமரா) எக்ஸ்ரே ஃபிலிம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மருத்துவமனைகளில் மிஞ்சியதை வாங்கி விற்கும் ஓர் ஆன்லைன் தளம். பச்சை ஒளியை உணரும் ஃபிலிம், 100 தாள், சீல் உடைக்காத பெட்டி என்று விளம்பரம். நான் உடனே பணம் கட்டவில்லை. டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசலில், கழுவுகிற ஃபிலிம்தானா என்று துருவித் துருவிக் கேட்டேன். "தாராளமா சிவப்பு விளக்குல திறக்கலாம் சார். ரெண்டு பக்கமும் எமல்ஷன் இருக்கு, தட்டுல உரசினா கீறல் விழும், பார்த்துக்கோங்க" என்றார் விற்பவர். எமல்ஷன் என்பது ஒளியை உணரும் பூச்சு. அதில் விழும் கீறல் தொல்லை, இந்த ஃபிலிமைக் கையால் கழுவியவர்களுக்குத்தான் தெரியும். தொழில் தெரிந்த மனுஷன் என்று நம்பி மூன்று பெட்டிக்குப் பணம் அனுப்பினேன்.

ஃபிலிமின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 80 என்று கணக்கு வைத்து, ஒரு பெரியவரை அசையாமல் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். ரோடினால் என்ற டெவலப்பரைத் தண்ணீரில் 1:100 கலந்து தட்டில் ஆட்டினால், நிழல்கூட எழும்பவில்லை. சந்தேகம் வந்து ஒரு தாளைப் பகல் வெளிச்சத்திலேயே வெட்டி டெவலப்பரில் போட்டேன். நிஜ எக்ஸ்ரே ஃபிலிம் என்றால் கன்னங்கரேல் என்று கறுத்திருக்க வேண்டும். போட்டது போட்டபடி கிடந்தது. படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் கரைசலில் போட்டேன், அப்போதும் மாற்றம் இல்லை. ஃபிலிமின் மேல் ஒரு காகிதத்தைப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியதும்தான் கறுத்தது! ஸ்கேன் படங்களைச் சூட்டால் அச்சடிக்கும் பிரின்டருக்கான டிரை ஃபிலிம் அது. கேமராவுக்குள் வைத்தால் வெறும் பிளாஸ்டிக் தாள். பெட்டியின் பக்கவாட்டில் அளவு எழுதிய ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. உரித்தேன். அடியில் 'டிரை' என்று அச்சிட்டிருக்கிறது. தெரிந்தே மறைத்து விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. டெவலப்பர் கெட்டுப்போயிருக்கும் என்றார் விற்பவர். வெளிச்சம் போதாமல் எடுத்திருப்பீர்கள் என்றார். ஸ்டிக்கரை உரித்த படத்தை அனுப்பியதும் பதிலே இல்லை. தளத்துக்காரர்களிடம் போனால், சீல் உடைத்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பது என்ன ஃபிலிம் என்று யாரால் சொல்ல முடியும்? இதைக் கேட்டால், முதலிலிருந்து மறுபடி அதே பதிலை ஒட்டி அனுப்புகிறார்கள். சம்பளத்தில் கால் பங்கு ஐயா, சும்மா வந்த பணமா?

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பெட்டியின் ஆறு பக்கமும் படம் கேளுங்கள். டிரை, தெர்மல், லேசர் என்று எங்கே கண்டாலும் விட்டுவிடுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வேண்டவே வேண்டாம். ஒரே பெட்டி வாங்கி, ஒரு துண்டை வெளிச்சத்தில் காட்டி டெவலப்பரில் போட்டுக் கறுக்கிறதா பாருங்கள், அதுவரை அடுத்த பெட்டிக்குப் பணம் அனுப்பாதீர்கள். பிரித்துப் பார்ப்பதை முழுக்க வீடியோ எடுத்து வையுங்கள்.

என் புகாரை இன்று காலை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். பணம் வரவில்லை.