ஜிடிபி பைதான் கையேடு: பதிப்பைப் பார்த்துவிட்டு நம்பலாம்

ஐப்பசி மழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் இணையம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. டீபக்கரோடு (நிரலில் உள்ள பிழையைத் தேடும் கருவி) வேலை செய்பவர்களுக்குக் கையேடு கணினிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஜிடிபி என்ற டீபக்கரைப் பைதான் மொழியிலிருந்து இயக்க உதவும் ஏபிஐ-யின் கையேடு அதற்குத் தோதானது.

டெபியன் லினக்ஸில் இந்தக் கையேடு உள்ள 'ஜிடிபி-டாக்' பேக்கேஜ், கட்டற்ற உரிமம் இல்லாதவற்றுக்கான 'நான்-ஃப்ரீ' பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவைச் சேர்க்காமல் தேடினால் கிடைக்காது. நிறுவியதும் டெர்மினலில் 'இன்ஃபோ ஜிடிபி' என்று திறந்து, ஐ விசையை அழுத்திப் பெயரைத் தட்டினால் நேராக அந்தப் பகுதிக்கே போகும். முதல் பக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணும் உங்கள் ஜிடிபி-யின் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. இணையத்தில் பெரும்பாலும் கண்ணில் படுவது, இன்னும் வெளியாகாத வளர்ச்சிப் பதிப்பின் கையேடு. உதாரணமாக, 'எக்ஸிக்யூட்_எம்ஐ' என்ற ஃபங்ஷன் ஜிடிபி-யின் 14-ஆம் பதிப்பில்தான் வந்தது. டெபியன் 12-இல் இருப்பதோ 13.1. கையேட்டைப் பார்த்து அப்படியே எழுதினால் அப்படி ஒன்று இல்லை என்று 'ஆட்ரிபியூட் எரர்' வரும். எந்தப் பதிப்பிலிருந்து உண்டு என்று கையேட்டின் பெரும்பாலான பதிவுகளில் இல்லை. பதிப்புவாரி மாற்றங்களைச் சொல்லும் 'நியூஸ்' கோப்பில் தேட வேண்டியிருக்கிறது. இந்தக் கையேட்டின் பெருங்குறை இதுதான். ஒரே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும்.

எச்சரிக்கைகள் தெளிவாக இருக்கின்றன. பிரேக்பாயிண்டை (நிரலை நிறுத்தக் குறித்த இடம்) எட்டியதும் அழைக்கப்படும் 'ஸ்டாப்' மெத்தடுக்குள் ஸ்டெப் செய்யாதே (நிரலை அடுத்த வரிக்கு நகர்த்தாதே), ஃபிரேமை (பார்த்துக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் அழைப்பை) மாற்றாதே, எந்தப் பிரேக்பாயிண்டையும் தொடாதே என்கிறது. ஏன் என்பதையும் விளக்கியிருக்கலாம்: நிற்பதா, ஓடுவதா என்று ஜிடிபி இன்னும் முடிவெடுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒரே இடத்தில் பல பிரேக்பாயிண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றின் 'ஸ்டாப்'பும் அழைக்கப்படும். வேறு த்ரெட்டிலிருந்து (நிரலில் இணையாக ஓடும் இழை) ஜிடிபி-யைத் தொட 'போஸ்ட்_ஈவண்ட்' வழியாகப் போக வேண்டும் என்பதும் சரியான இடத்தில் இருக்கிறது.

ஜிடிபி-க்குள் பைதானின் 'ஹெல்ப்' போட்டால் வரும் குறிப்புகள் மெலிந்தவை. அவை மூலநிரலிலும் கையேடு 'பைதான்.டெக்ஸி' கோப்பிலும் தனித்தனியே கையால் எழுதப்படுகின்றன. ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாக மாறாது. திருத்தம் அனுப்ப விரும்புவோர் இரண்டையும் பாருங்கள். கையேடு எழுதப்படும் டெக்ஸின்ஃபோ வடிவத்தில் அட் குறியும் நெளிவு அடைப்புகளும் கட்டளைக் குறிகள். பைதான் டிக்ஷனரியையோ டெக்கரேட்டரையோ உதாரணமாக ஒட்டினால், அந்தக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அட் குறி கூடுதலாகப் போடுங்கள். பிறகு 'ஜிடிபி/டாக்' அடைவில் 'மேக் இன்ஃபோ' ஓட்டிப் பிழையில்லாமல் முடிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.