பருப்பா, பயறா, சோயாவா? சைவ வீட்டின் அலுமாரிக்கு ஓர் ஒப்பீடு

வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் மாத்திரம் மரக்கறி சமைக்கும் வீட்டுக்கும், ஆண்டு முழுவதும் சைவமாகவே இருக்கும் வீட்டுக்கும் தேவைப்படும் பொருட்கள் ஒன்றல்ல. ஒரு நாள் புரதம் குறைந்தால் மறுநாள் மீன் அதை ஈடுசெய்துவிடும். ஆண்டு முழுவதும் குறைந்தால் ஈடுசெய்ய எதுவும் இல்லை. மூன்று கரையும் கடலாய், மீன் மலிந்து கிடக்கும் திருகோணமலையில் எங்கள் வீடு முதலாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறியபோது, நாங்கள் செய்த முதல் தவறு மீனின் இடத்தில் கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் வைத்ததுதான். வயிறு நிறைந்தது, ஆனால் பத்து மணிக்கே மறுபடியும் பசித்தது.

கணக்கு எளியது. சுமார் 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிராம் புரதம் வேண்டும். 300 கிராம் அரிசி அதில் 20 கிராமைத் தந்துவிடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 50 கிராம் பருப்பில் 12, ஒரு கோப்பை பாலில் அல்லது தயிரில் 6, ஒரு கைப்பிடி கச்சானில் 7 என்று சேர்த்தால் தொகை நிறைந்துவிடுகிறது. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பும், பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசியும் நிரப்புவதால், சோறும் பருப்பும் என்ற பழைய சோடி ஒன்றையொன்று தாங்குகிறது. ஆகவே எந்தப் பருப்பு வகையை வாங்குவது என்பதில்தான் உண்மையான தெரிவு இருக்கிறது.

மைசூர் பருப்பையும் பயற்றையும் புரத அளவை வைத்து மோதவிடுவதில் பயனில்லை, ஏனெனில் இரண்டிலும் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் உண்டு. வேறுபாடு அடுப்பில் தெரிகிறது. மைசூர் பருப்பை ஊறவைக்கத் தேவையில்லை. கால் மணித்தியாலத்தில் கரைந்து, தேங்காய்ப்பாலை ஏற்கத் தயாராகிவிடும். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கால் மணித்தியாலத்தின் பெறுமதி தெரியும். ஆனால் அது இறக்குமதிப் பொருள் என்பதால், டொலர் ஏறும்போதெல்லாம் அதன் விலையும் ஏறுகிறது. பயறு இந்த நாட்டு வயல்களிலேயே விளைவது, தோலோடு வருவதால் நார்ச்சத்து கூடியது, இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் முளைவிட்டு விற்றமின் சீயையும் தருவது. முளைப்பயற்றை வெங்காயம், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளியோடு கலந்து காலையில் உண்ணும் வழக்கம் எங்கள் வீட்டுக்குப் புதிது. பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது.

கடலையில் புரதம் சற்றுக் குறைவு, 19 அல்லது 20 கிராம். அதன் பெரிய குறை வேறொன்று. முதல் நாள் இரவே நினைத்து ஊறவைக்காவிட்டால் மறுநாள் அதைச் சமைக்க முடியாது. எங்கள் வீட்டில் இரண்டு கிலோ கடலை ஆறு மாதம் போத்தலில் கிடந்ததற்கு இந்த மறதியே காரணம். கௌபி இடைப்பட்டது: சில மணி நேரம் ஊறினால் போதும், தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் சேர்த்துத் தாளித்தால் மாலைச் சிற்றுண்டியாகவும் ஆகும். சோயா மீற்றின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம் என்பதால் எண்ணிக்கையில் எல்லாவற்றையும் அது வென்றுவிடுகிறது. எனினும் பக்கற்றோடு வரும் சுவைத்தூளில் உப்பு மிகையாக உண்டு. சிலவற்றில் கோழி, இறால் சுவைகளும் சேர்க்கப்படுவதால் சைவ வீடுகள் எழுத்தைக் கூர்ந்து வாசிக்க வேண்டும். தூளை ஒதுக்கிவிட்டு, கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, வீட்டு மிளகாய்த்தூளில் சமைப்பதே என் தெரிவு. நான்கு பேருக்கு மாதம் ஆறு கிலோ என்று வைத்துக்கொண்டு, மைசூர் பருப்பு மூன்று கிலோ, பயறு ஒன்றரை, கௌபி ஒன்று, கடலை அரை கிலோ என்று இப்போது வாங்குகிறோம். சோயா அவசரத்துக்கு மட்டும்.

அரிசியில் போட்டி தீட்டாத சிவப்புப் பச்சையரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் இடையிலானது. தவிடு நீங்காத பச்சையரிசியில் நார்ச்சத்தும் கனிமங்களும் கூட. ஆனால் அந்தத் தவிட்டு எண்ணெய்தான் விரைவில் சிக்கடித்துப் போவதும். சென்ற ஆண்டு மாரி தொடங்குமுன் பத்துக் கிலோ வாங்கிப் பேணியில் போட்டுவைத்தேன். மார்கழியில் மூடியைத் திறந்தபோது அரிசி தானாக அசைவதுபோல் இருந்தது, அவ்வளவு வண்டு. சுளகில் பரப்பி வெயிலுக்கு வைக்கலாம் என்றால் வெயிலே இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி விற்றமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பின்னும் புழுங்கலில் அவை ஓரளவு எஞ்சுகின்றன. அது நெடுநாள் கெடாமலும் இருக்கும். எனவே ஐப்பசி முதல் தை வரை தம்பலகாமத்துப் புழுங்கலும், கோடையில் இரண்டிரண்டு கிலோவாகச் சிவப்புப் பச்சையும் என்று பிரித்துக்கொண்டோம்.

மாவில் தயக்கத்துக்கு இடமில்லை. சீனன்குடாவில் பிறீமாவின் பெரிய ஆலை நிற்கும் ஊர் என்பதால் கோதுமை மா நமக்கு அண்டை வீட்டுப் பொருள், அவித்து அரித்தால் புட்டும் இடியப்பமும் பூப்போல வரும். ஆயினும் அது தவிடும் முளையும் நீக்கிய வெள்ளை மா. குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. மீன் முள்ளையும் நெத்தலியையும் விட்டவர்களுக்கு இது சிறிய விடயமன்று. தனிக் குரக்கன் புட்டு தொண்டையில் அடைக்கிறது என்பவர்கள் அரிசிமாவோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். எண்ணெயைப் பற்றி ஒரு வரி போதும்: தேங்காய்ப்பால் நாள்தோறும் கறியில் சேரும் வீட்டில், தாளிப்புக்கும் தேங்காயெண்ணெயே வேண்டுமா என்று யோசித்து நல்லெண்ணெய்க்கு மாறினோம்.

அலுமாரியில் எதை நிறைத்தாலும் கிடைக்காதது விற்றமின் பி12. தாவர உணவில் அது இல்லை. மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வரும் சட்டித் தயிர் அதற்கு உதவும், பாலையும் தயிரையும் தவிர்ப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். இரும்புச்சத்தோ பருப்பிலும் கீரையிலும் இருக்கிறது, உடலில் சேர்வதில்தான் சிக்கல். முருங்கையிலை வறையில் தேசிக்காய் பிழிந்தால் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். தேசிக்காய்க்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போட அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.