லேசிக் செய்த கண்ணுக்குப் புரை லென்ஸ்: எதற்குப் பணம் தரலாம்?

கண்புரை அறுவைக்கு முன்னால் கவுன்சிலர் காட்டும் பேக்கேஜ் அட்டை விலைப்படி அடுக்கப்பட்டிருக்கும்: கீழே ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் மோனோஃபோக்கல் லென்ஸ், உச்சியில் மூன்று தூரங்களுக்குமான ட்ரைஃபோக்கல். லேசிக் (கண்ணாடிப் பவரைப் போக்கக் கருவிழியை லேசரால் செதுக்குவது) செய்தவர்கள் அந்த அடுக்கை நம்பித் தேர்வு செய்யக் கூடாது. சென்னையில் இருபது வருடத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்றிய ஐ.டி. தலைமுறைக்கு இப்போது புரை வரத் தொடங்கும் வயது. அதிக மைனஸ் பவர் இருந்தவர்களுக்குப் புரை சீக்கிரமே வரும் என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிக்கல் லென்ஸில் இல்லை, அதன் பவரைக் கணிக்கும் கணக்கில் இருக்கிறது. கெரட்டோமீட்டர் கருவிழியின் முன்பக்க வளைவை மட்டும் அளக்கும், பின்பக்கத்தை 1.3375 என்ற நிலையான எண்ணை வைத்து ஊகித்துக்கொள்ளும். லேசிக் முன்பக்கத்தை மட்டும் தட்டையாக்குவதால் அந்த ஊகம் பொய்த்து, கருவிழியின் பவர் கூடுதலாகத் தெரியும். 7 டையாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) மைனஸைத் திருத்தியிருந்தால் பிழை ஏறக்குறைய 1 டையாப்டர். போதாததற்கு, எஸ்.ஆர்.கே/டி போன்ற பழைய சூத்திரங்கள் தட்டையான கருவிழியைப் பார்த்து, லென்ஸ் உண்மையில் அமரும் இடத்தைவிட முன்னால் அமரும் என்று கணித்துவிடும். இரண்டு பிழையும் ஒரே பக்கம் இழுக்க, பவர் குறைந்த லென்ஸ் உள்ளே போய்க் கண் பிளஸ்ஸில் நிற்கும். தூரமும் தெளியாது, படிப்பும் தெளியாது. பிளஸ் பவருக்கு லேசிக் செய்தவர்களுக்கு இதே பிழை தலைகீழாக வரும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பயோமெட்ரி தாளை, அதாவது கண்ணை அளந்து லென்ஸ் பவரைக் கணித்த தாளை. ஐ.ஓ.எல். மாஸ்டர் 700 என்ற அளவுக் கருவியின் தாளில் ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே ‘எல்.வி.சி.’ (லேசர் பார்வைத் திருத்தம்) என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். லேசிக் செய்த கண்ணுக்கு அங்கே ‘அன்ட்ரீட்டட்’ (திருத்தம் செய்யாதது) என்று அச்சாகியிருந்தால், அந்தத் தாளில் உள்ள லென்ஸ் பவரை வைத்து அறுவைக்குப் போக வேண்டாம்; திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள். பேரட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல், ஷம்மாஸ் ஆகிய சூத்திரங்கள் இந்தக் கண்களுக்கென்றே உள்ளவை. அமெரிக்கக் கண்புரை அறுவை சங்கத்தின் இணையக் கணிப்பான் இலவசமாகவே பல சூத்திரங்களின் விடையைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். லேசிக்குக்கு முந்தைய கண்ணாடிப் பவரும் கெரட்டோமீட்டர் அளவும் கையில் இருந்தால் நல்லது. பழைய கிளினிக்கில் ஃபைல் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றாலும் ட்ரூ-கே வேலை செய்யும். பென்டகாம் போன்ற கருவியில் கருவிழியின் பின்பக்கத்தையும் ஒருமுறை படம் எடுப்பது அவசியம்.

கண் உலர்ந்திருந்தால் இந்த அளவெல்லாம் ஆடும். நாள் முழுக்க ஏ.சி.யில் ஸ்க்ரீன் பார்ப்பவர்களுக்கு இது சாதாரணம். வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு அளவு அரை டையாப்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால், சில வாரம் சொட்டு மருந்து போட்டுவிட்டு மறுபடி அளப்பதே சரி.

இனி லென்ஸ். மைனஸ் லேசிக் கருவிழியில் நேர் கோளப் பிறழ்ச்சியை (ஓரத்தில் விழும் ஒளியும் நடுவில் விழும் ஒளியும் ஒரே புள்ளியில் குவியாத குறையை) கூட்டுகிறது. அதைக் கழிக்கும் ஆஸ்ஃபெரிக் மோனோஃபோக்கல்தான் எங்கள் முதல் தேர்வு. டெக்னிஸ் லென்ஸ் சுமார் 0.27 மைக்ரான் கழிக்கும், அக்ரிசாஃப் ஐ.க்யூ. சற்றுக் குறைவாக. பிளஸ் லேசிக் செய்த கண்ணுக்கு என்விஸ்டா மாதிரி பிறழ்ச்சி எதையும் சேர்க்காத லென்ஸ் பொருந்தும். மதுரை அரோலேப், சென்னை அப்பாசாமி தயாரிப்புகளிலும் ஆஸ்ஃபெரிக் மாடல்கள் உண்டு. எந்த மாடல், எவ்வளவு கழிக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் தூரமும் கொஞ்சம் வேண்டுமென்றால் டெக்னிஸ் ஐஹான்ஸ் நல்ல நடுவழி. விவிட்டி என்ற லென்ஸில் ஒளியைப் பிரிக்கும் வளையங்கள் இல்லாததால், கருவிழி ஒழுங்காக இருந்தால் யோசிக்கலாம். ட்ரைஃபோக்கலைப் பெரும்பாலான லேசிக் கண்களுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அது ஒளியை மூன்று தூரங்களுக்குப் பங்கிடுகிறது. ஏற்கெனவே பிறழ்ச்சி கூடிய கருவிழியோடு சேரும்போது கான்ட்ராஸ்ட் மேலும் குறையும். ராத்திரி ஓ.எம்.ஆர். சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டைச் சுற்றியும் வளையம் தெரியும்.

சிலிண்டர் பவரையும் திருத்தும் டோரிக் லென்ஸ் வேண்டுமானால், கருவிழியின் வளைவைக் காட்டும் டோபோகிராஃபி படத்தில் சிலிண்டர் சீரான வில்முடிச்சு வடிவில் இருக்க வேண்டும். லென்ஸ் ஒரு டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போய்விடும். 30 டிகிரியில் மொத்தமும் போகும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் குறி வைத்த பவரிலிருந்து அரை டையாப்டருக்குள் வருபவை நூற்றில் 60, 70 கண்கள்தான். அதனால்தான் குறியைச் சுழியத்தில் வைக்காமல் மைனஸ் 0.25-க்கும் 0.50-க்கும் நடுவில் வைக்கிறார்கள். பிளஸ்ஸில் மாட்டுவதைவிட இலேசான மைனஸ் எவ்வளவோ மேல். முதல் கண் நிலைபெற்ற பிறகு அதன் விடையை வைத்து இரண்டாவது கண்ணின் கணக்கைத் திருத்தலாம். ஒரே வாரத்தில் இரண்டு கண்ணையும் முடிக்க அவசரப்படாதீர்கள்.

பவர் தவறிவிட்டால் கண்ணாடி, கருவிழியில் தடிமன் மிச்சமிருந்தால் மறு லேசர், அல்லது லென்ஸை மாற்றுதல். மாற்றுவதென்றால் லென்ஸ் அமர்ந்திருக்கும் பை இறுகுவதற்கு முன், முதல் சில வாரங்களிலேயே எளிது. அந்த முடிவு எடுக்கும்வரை யாக் லேசருக்குச் சம்மதிக்காதீர்கள். அது பையின் பின்சுவரைத் திறந்த பிறகு லென்ஸை வெளியே எடுப்பது மிக ஆபத்தான வேலை.