வீட்டு மின்சாரத்தில் மூன்றாண்டுகளாக ஓடும் பழைய கம்ப்ரசர்: கருங்கல் நண்பருக்கு ஒரு பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, மார்த்தாண்டம் பக்கத்து ஆக்கர் கடையொன்றில் (பழைய இரும்புக் கடை) காற்றை அழுத்தி டேங்கில் நிரப்பும் 5 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அதை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட முடியுமா என்றும் கேட்டார். முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் கேட்கவில்லை. ஏறத்தாழ அதே போன்ற கம்ப்ரசரைக் குலசேகரத்துக்கு அருகில் என் வீட்டுக் கொட்டகையில் மூன்றாண்டுகளாக ஓட்டிவருகிறேன். அந்த மூன்றாண்டில் பெரும்பகுதி அது என்னைப் படுத்திய பாட்டுக்கான காரணம் போன மாதம்தான் தெரியவந்தது. அதை முழுமையாகச் சொல்லாமல் விட்டால் அவருக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

என்னுடையது, மூடப்பட்ட டயர் ரீட்ரெடிங் பட்டறை ஒன்றிலிருந்து வந்தது. 220 லிட்டர் டேங்க், இரண்டு சிலிண்டர் கொண்ட இரட்டை நிலை பம்ப், மும்முனை மோட்டார். என் வீட்டுக்கு ஒருமுனை இணைப்புதான். டிரைவ் என்னும் மின்னணுக் கருவியை வைத்துப் பழைய மோட்டாரையே ஓட்டலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒருமுனையை வாங்கி மும்முனையாகத் தரும் டிரைவ்கள் பெரும்பாலும் 3 குதிரைத்திறனோடு நின்றுவிடுகின்றன. அவை தருவதும் 230 வோல்ட்தான், 415 வோல்ட்டுக்குக் கட்டிய மோட்டாருக்கு அது போதாது. ஆகவே மோட்டாரையே மாற்றி, 3 குதிரைத்திறன் ஒருமுனை மோட்டார் பொருத்தினேன். மோட்டார் சிறியதானால் பம்பும் அதே விகிதத்தில் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதால், மோட்டாரில் இருந்த 8 அங்குலப் புல்லியைக் கழற்றி 4¾ அங்குலப் புல்லி போட்டோம். நிமிடத்துக்கு 720 சுற்று சுற்றிய பம்ப் இப்போது சுமார் 430 சுற்றுதான் சுற்றுகிறது. அதற்கும் கீழே கொண்டுபோகக் கூடாது. இந்த வகைப் பம்புகளில் எண்ணெயை வாரித் தெளிப்பது பிஸ்டனை இயக்கும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டிதான், வேகம் குறைந்தால் எண்ணெய் மேலே ஏறாது.

ஓடத் தொடங்கிவிட்டால் இந்தக் கம்ப்ரசரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. கிளம்புவதுதான் பிரச்சினை.

மோட்டார் நிதானமாக ஓடும்போது 15 ஆம்பியர் எடுக்கிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஓரிரு நொடிகளில் 70 ஆம்பியரைத் தாண்டுகிறது. மீட்டர் போர்டிலிருந்து கொட்டகைக்கு 35 மீட்டர் தூரம். அங்கே முதலில் இருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. போகவும் வரவுமாக 70 மீட்டர் கம்பிக்கு அரை ஓமுக்குச் சற்று அதிகமான மின்தடை. 70 ஆம்பியர் பாயும்போது 36 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். எங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் லைனின் கடைசியில் இருப்பதால், மாலை நேரத்தில் வீட்டுக்கே 205 வோல்ட்தான் வரும். இரண்டையும் சேர்த்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 170க்கும் கீழே. மோட்டாரின் இழுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும் என்பதால், 230 வோல்ட்டில் இருக்க வேண்டிய விசையில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், பெல்ட் துடிக்கும், வீட்டு விளக்குகள் அகல் விளக்கைப் போல மங்கும், பிறகு மின்சாரம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழும்.

கணக்கு தெளிவாக இருந்ததால் 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் வாங்கி இழுத்தேன். வழியில் இழக்கும் மின்னழுத்தம் 9 வோல்ட்டாகக் குறைந்தது. எம்.சி.பி.யையும் மோட்டாருக்கு உரிய வகைக்கு மாற்றினேன். காலியான டேங்கோடு கம்ப்ரசர் பட்டெனக் கிளம்பியது. ஆனால் டேங்க் நிறைந்து நின்று, காற்று குறைந்து மறுபடி தானாகக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அதே உறுமல். மோட்டார் கிளம்ப உந்துதல் தரும் ஸ்டார்ட்டிங் கண்டன்சர் ஒரு சில நொடிகளுக்கு மட்டுமே மின்சாரத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. மோட்டார் வேகம் பிடிக்கும் வரை அது விடுபடாது. வேகம் பிடிக்காமல் திணறிய ஒவ்வொரு தடவையும் அது சூடேறி, இரண்டு கண்டன்சர்கள் உப்பி வெடித்தன. மாலை ஆறு மணிக்கு மேல் கம்ப்ரசரைத் தொடுவதையே நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை புத்தகத்தை விரித்திருக்கும் நேரத்தில் அவர்கள் வீட்டு விளக்கையும் சேர்த்துத் துடிக்கவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி கிளம்ப வேண்டிய ஒவ்வொரு முறையும் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டுச் சுவிட்ச் போடுவேன். பத்து நிமிடம் மின்சாரம் செலவழித்து நிரப்பிய காற்றைத் தரையில் விடுவது எவ்வளவு எரிச்சலைத் தரும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தனை காலமும் மின்னழுத்தம் குறைவு என்றே நம்பியிருந்தேன். போன மாதம் மூன்றாவது கண்டன்சரும் போனபோது, தக்கலையிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். அவர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை. கம்ப்ரசரை நிரப்பச் சொல்லி, அது தானாக நிற்கும் வரை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். நின்றதும், “அண்ணாச்சி, கரண்டைக் குறை சொல்லாதீங்க. நிக்கும்போது சீறல் வரல பாருங்க, ஹெட்டுக்குள்ள காத்து நிக்குது” என்றார்.

டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் அடியிலிருந்து, பம்புக்கும் டேங்குக்கும் இடையில் உள்ள வால்வை நோக்கிச் சுண்டுவிரலை விடவும் மெல்லிய ஒரு குழாய் போகும். மோட்டார் நிற்கும் கணத்தில் பம்பின் தலையில் தங்கிய காற்றை வெளியே விடுவது அதன் வேலை. இரண்டு நொடி ‘ஸ்ஸ்’ என்று சீறி அடங்கும். டேங்கில் இருக்கும் காற்று பம்புக்குத் திரும்பாமல் தடுப்பது அந்த என்.ஆர்.வி. வால்வு. இரண்டும் ஒழுங்காக இருந்தால், டேங்க் நிறைந்திருந்தாலும் மோட்டார் வெறும் பம்பைச் சுற்றுவதைப் போலச் சுலபமாகக் கிளம்பும். மெக்கானிக் அந்தக் குழாயைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் வாயில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஒரு சிறு திருகாணி இறுக்கப்பட்டிருந்தது. வால்வைத் திறந்தால், உள்ளே இருந்த வெள்ளை வட்டு எண்ணெய்க் கரி படிந்து கறுத்து, ஒரு பக்கம் நகத்தால் கீறியதுபோலப் பிளந்திருந்தது. வால்வு கசிந்து குழாய் வழியே இடைவிடாமல் காற்று போனபோது, வால்வை மாற்றுவதற்குப் பதிலாக யாரோ குழாயை அடைத்துவிட்டிருக்கிறார்கள். பட்டறையில் இருந்த 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் அந்தச் சுமையோடும் கிளம்பியிருக்கும். அதனால் அங்கே யாருக்கும் அது உறைக்கவில்லை. என் வீட்டு மின்சாரத்தில் அது தலைமேல் பாறையாக உட்கார்ந்தது.

புது வால்வு போட்டு, திருகாணியை எடுத்தெறிந்த அன்று மாலை ஏழு மணிக்கு, நிறைந்த டேங்கோடு சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நொடியில் கிளம்பியது. விளக்கு ஒருமுறை சிமிட்டியதோடு சரி. எனக்கு மகிழ்ச்சியை விடக் கோபம்தான் வந்தது. ஒரு திருகாணிக்காக மூன்று கண்டன்சர்களும் எத்தனையோ மாலைப்பொழுதுகளும் போயின. கேபிள் செலவை மட்டும் வீண் என்று சொல்லமாட்டேன். அது எப்படியும் தேவைப்பட்டிருக்கும்.

நியாயமாகப் பார்த்தால், இந்தக் கம்ப்ரசர் எனக்குத் தந்ததும் கொஞ்சமல்ல. 430 சுற்றில் ஓடும் பம்பின் சத்தம் அம்மி அரைப்பதைப் போன்ற தாழ்ந்த, ஒரே சீரான சத்தம். மோட்டாரோடு நேரடியாக இணைந்து 2,800 சுற்றில் அலறும் சிறு கம்ப்ரசர்களைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். அப்பா காலத்து அயினி மரக் கதவுகள் ஆறையும் சுரண்டித் தேய்த்து இதைக் கொண்டுதான் பாலிஷ் அடித்தேன். கைத்தூரிகையின் தடம் ஒன்றுகூட இல்லாமல் மரத்தின் ரேகை மஞ்சள் வெளிச்சத்தில் எழுந்து நின்றதைப் பார்த்து அம்மா கதவைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆனி, ஆடி மழையில் ரப்பர் மரம் லைனில் சாய்ந்து மின்சாரம் போய்விடும் நாட்களில், டேங்கில் நிறைந்த காற்று அப்படியே இருக்கும். ஜீப் டயருக்குக் காற்று பிடிக்கவும், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரின் பல்லிடுக்குகளை ஊதிச் சுத்தம் செய்யவும் அதுவே போதும். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கூலிக்குக் கதவு அடித்துத் தரும்படி அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், மறுத்துவிடுவேன். வீட்டு இணைப்பில் தொழில் செய்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் விதிக்கலாம். தொழிலுக்கு என்றால் அதற்குரிய இணைப்பு வாங்க வேண்டும்.

டேங்கைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்துக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. அழுத்தும்போது அது தண்ணீராகி டேங்கின் அடியில் தேங்கி, உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அடிக்குழாயைத் திறக்கிறேன். மழைக்காலத்தில் அரைத் தம்ளர் துருநிறத் தண்ணீர் வரும். வாங்கியதும் டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி 15 பார் அழுத்தத்தில் சோதித்த பிறகே 10 பாருக்குக் காற்று ஏற்றினேன். தண்ணீர் சுருங்காது, ஆகவே சோதனையில் டேங்க் கிழிந்தாலும் நீர் பீறிடுவதோடு நின்றுவிடும். காற்றால் சோதித்தால் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிரோடு இருக்கமாட்டார். பணம் குறைவு என்றால் மோட்டாரில் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

ஆக, கருங்கல் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். முன்பு யார் கையில் இருந்தது, எந்தக் குழாயில் எந்தத் திருகாணியை இறுக்கினார்கள் என்று தெரியாத கம்ப்ரசரை ஒருமுனை மின்சாரத்தில் கட்டி மாரடிக்க வேண்டாம். புதிதாக ஒரு 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் வாங்கி நிம்மதியாக இருங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்டு நேற்று ஒருவர் வந்தார். விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆக்கர் கடைக் கம்ப்ரசரை வாங்கியே தீருவது என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். கடைக்காரரை டேங்க் நிறையும் வரை ஓட்டச் சொல்லி, நிற்கும்போது அந்த இரண்டு நொடிச் சீறல் வருகிறதா என்று இருவரும் பக்கத்தில் இருந்து கேட்போம்.